நாற்பது வருஷ வைத்தியம்

— அந்தப் பேப்பரைக் கொஞ்சம் கீழ வை, ஆர்டீலியா. முப்பத்தி நாலு வருசம் கழிச்சு வந்திருக்கே. டெட்ராய்ட்ல ஏறி ரெண்டு நாளு பஸ்ஸுல குந்திக்கிட்டு அலபாமா வரைக்கும் வந்தவ, வந்ததும் வராததுமா பேப்பரை விரிக்கிறே. மொகத்தையாச்சும் பாக்க விடு.

— முகத்துல என்ன இருக்கு லெம், அறுபத்தி மூணு வயசு இருக்கு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. அந்த அரசாங்க டாக்டருங்க இந்த வருஷமும் வந்தாங்களா?

— வராம இருப்பாகளா? மார்ச்சுல வந்தாக. பருத்தி வெதைக்க முந்தி வந்துருவாக, வருசா வருசம். வீட்டு வாசலுக்கே காரு வந்துச்சு. இந்த லெம் டார்வரை ஏத்திக்கிட்டுப் போயி, ரத்தம் எடுத்து, நெஞ்சுல குழாய வச்சுப் பாத்து, சூடா சாப்பாடு போட்டு, திரும்ப இதே படியில எறக்கி விட்டாக. இந்தப் பக்கத்துல எத்தனை கறுப்பனுக்கு அப்படி ஒரு மருவாதி நடக்குது, சொல்லு.

— எத்தனையாவது வருஷம்?

— நாப்பது.

— உன் வாயாலயே சொல்லிட்டே. பேப்பர்லயும் நாப்பதுன்னுதான் போட்டிருக்கு.

— எங்களைப் பத்திப் பேப்பர்ல வந்துருச்சா? அடி இசோலா, இங்க வாயேன். டெட்ராய்ட் பேப்பர்ல எங்களைப் பத்திப் போட்டிருக்கானாம்.

— ஐஸ் ஒடைச்சுக்கிட்டு இருக்கேங்க, வாரேன். அக்காவைப் பேசிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. சோள ரொட்டி வேகுது, சாப்பிடாமப் போகக் கூடாது.

— உன் பொண்டாட்டி நல்லவளா இருக்கா, லெம். நீ மறுபடி கட்டினதை அப்பவே எங்கண்ணன் சொல்லியிருந்தான்.

— நல்லவதான். முப்பத்தி ரெண்டு வருசம் ஆச்சு கட்டி. உன்னை வாசல்ல பாத்ததும் ஒரு கேள்வி கேக்கலையே அவ. ‘அக்கா, உள்ள வாங்க’ன்னா. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

— நல்லவளா இருக்கறதுனாலதான் இதைச் சொல்லப் பயமா இருக்கு. சரி, மொதல் வருஷம் நினைவிருக்கா உனக்கு? முப்பத்தி ரெண்டு.

— அதை எப்படி மறக்குறது. வடக்க பாங்கெல்லாம் மூடுறான்னு சொன்னாக. நமக்கு ஏது பாங்குன்னு சிரிச்சோம். அப்புறம் பாத்தா பருத்தியை வாங்க நாதியில்ல. நெலத்துக்காரரு வந்து கோவேறு கழுதையை அவுத்துக்கிட்டுப் போயிட்டாரு. கலப்பையை நான் பிடிச்சேன், நீ இழுத்தே.

— இழுத்தேன். அப்ப ரெண்டாவது வயித்துல.

— ஆமா. அந்த வருசம்தான் சர்ச்சுல அறிவிச்சாக. ஆம்பளைகளுக்கெல்லாம் சும்மாவே ரத்தம் பாக்குறாக, வாங்கன்னு. நீதான் என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டே.

— டாக்டர் முன்னால கசங்கிப் போயி நிக்கக் கூடாதுன்னு போட்டேன். என்ன சொன்னாங்க உன்கிட்ட?

— கெட்ட ரத்தம்னாக. பயப்படாதே, நாங்க பாத்துக்கிறோம்னாக. ரோஸ் கலர்ல ஒரு தண்ணி குடுத்தாக, வெள்ளை மாத்திரை குடுத்தாக. அடுத்த வருசம் முதுகெலும்புல பெரிய ஊசி. விசேச வைத்தியம், விட்டுராதேன்னு காயிதமே அனுப்புனாகளே. நீதான படிச்சுக் காட்டுனே.

— நான்தான் படிச்சுக் காட்டினேன். அந்த ஊசியில மருந்தை உள்ள விட்டாங்களா, உள்ளேர்ந்து எடுத்தாங்களா?

— குப்புறப் படுத்துக் கெடந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

— நாலு நாள் நீ தலையைத் தூக்கலை. செங்கல்லைச் சுட வச்சுத் துணியில சுத்தி ஒத்தடம் குடுத்தேன். வைத்தியம்தானே, வலிக்கத்தான் செய்யும்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். அது வைத்தியம் இல்லை, லெம். முதுகுல இருக்கற நீரை எடுத்துப் பாத்திருக்காங்க. நோய் எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு பாக்க.

— யாரு சொன்னது?

— டெட்ராய்ட்ல என் டாக்டர்கிட்ட இந்தப் பேப்பரைக் கொண்டு போய்க் காட்டினேன், அவரு சொன்னாரு. அந்த வெள்ளை மாத்திரை தலைவலிக்குப் போடறது. ரோஸ் தண்ணி சோகைக்குக் குடுக்கற டானிக். எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

— உங்க ஊரு டாக்டருக்கு எங்க வைத்தியத்தைப் பத்தி என்னத்தைத் தெரியும்? நாப்பது வருசம் என்னைத் தொட்டுப் பாத்தவுக இவுக. பேரைச் சொல்லிக் கூப்பிடுவாக. ‘எப்படி இருக்கே லெம், பருத்தி எப்படி’ம்பாக. இந்தா செவுத்துல மாட்டியிருக்கே, பாரு. அம்பத்தெட்டுல குடுத்தாக. அரசாங்க முத்திரை, பெரியவரு கையெழுத்து. இருபத்தஞ்சு வருசம் விடாம வந்ததுக்குப் பாராட்டு. வருசத்துக்கு ஒரு டாலர்னு இருபத்தஞ்சு புது நோட்டு.

— வருஷத்துக்கு ஒரு டாலர்.

— நோட்டுக்கு என்ன. இந்தத் தாளுதான் பெருசு. பங்குக்கு உழுறவன் வீட்டுல இப்படி ஒண்ணு வேற எங்க பாத்தே?

— லெம், நான் இப்ப படிக்கப் போறேன். குறுக்க பேசாதே. கெட்ட ரத்தம்னு ஒரு நோயே இல்லை. அதுக்குப் பேரு சிபிலிஸ். மேகநோய்.

— அபாண்டம். நான் சர்ச்சுல டீக்கன், பாதிரிக்கு அடுத்தபடி நிக்கிறவன்.

— டீக்கன் ஆகறதுக்கு முன்னால, என்னைக் கட்டறதுக்கும் முன்னால, தண்டவாளம் போடற வேலைக்குப் போனே. அதைக் கேக்க நான் வரலை. அந்த வயசெல்லாம் போயாச்சு. கேளு. ‘நானூறு கறுப்பு ஆண்கள். பெரும்பாலும் படிக்காத விவசாயிகள். நோய் இருப்பது தெரிந்தும் மருந்து தரப்படவில்லை. மருந்து தராமல் விட்டால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். இறந்தவர்களை அறுத்துப் பார்த்தார்கள்.’

— அறுக்குறதுக்கு நாங்களே சம்மதிச்சோம்.

— என்னது?

— அடக்கத்துக்குச் செலவு குடுக்குறோம், செத்தப்புறம் ஒரு தடவை உடம்பைப் பாக்கணும்னாக. நான் காயிதத்துல கையெழுத்துக்குப் பதிலா சிலுவைக் குறி போட்டுக் குடுத்தேன். எங்கப்பனைப் போர்வையில சுத்திக் குழிக்குள்ள விட்டவன் நான். நமக்காச்சும் ஒரு பெட்டி இருக்கட்டுமேன்னு பாத்தேன்.

— நம்ம பிள்ளைங்களை எதுல வச்சுப் புதைச்சோம்?

— ஆர்டீ, அது எதுக்கு இப்ப.

— சொல்லு.

— கடைக்குச் சோப்பு வர்ற மரப்பெட்டியில.

— மூணு சோப்புப் பெட்டி. பெரியவன் ஒன்பது நாள் இருந்தான். மூக்கு ஓயாம ஒழுகிக்கிட்டு, உள்ளங்காலெல்லாம் தோல் உரிஞ்சு. மத்த ரெண்டும் கண்ணே திறக்கலை. உங்கம்மா என்ன சொன்னாங்க? சர்ச் வாசல்ல நின்னுக்கிட்டு, எல்லாரும் கேக்க?

— அவ போயி இருபது வருசம் ஆச்சு. விட்டுரு.

— ‘இவளுக்கு இருக்கறது வயிறு இல்லை, கல்லறை’ன்னாங்க. முப்பத்தெட்டு டிசம்பர்ல நீ வண்டி கட்டினே. எங்கண்ணன் வீட்டு வாசல்ல என்னையும் டிரங்குப் பெட்டியையும் இறக்கி விட்டே. நீ வண்டியை விட்டுக் கீழ இறங்கக்கூட இல்லை.

— எறங்கியிருந்தா திரும்ப ஏறியிருக்க மாட்டேன். அது தெரிஞ்சுதான் எறங்கல.

— அப்படியா. இதை முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

— சொல்ல எனக்கு வாயி ஏது.

— அன்னிக்கு நீ வண்டி கட்டறப்ப, ஆறு வருஷமா அவங்க உன் ரத்தத்தை எடுத்துக் கையில வச்சிருந்தாங்க. அதுல என்ன இருக்கு, அது பொண்டாட்டிக்கு வரும், வயித்துல இருக்கற பிள்ளைக்கு வரும், எல்லாம் தெரியும். ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லலை. உன்னைக் கூட்டிட்டுப் போற காருக்கு நான் வாசல்ல நின்னு கையசைச்சிருக்கேன், லெம்.

— இரு. மெல்லச் சொல்லு. அந்த மூணும் என்னாலயா?

— நோயால. மருந்து இருந்த நோய். அப்பவே ஒரு மருந்து இருந்துச்சு, கடுமையான மருந்து, வருஷக்கணக்குல போடணும். யுத்தத்துல வந்தது பென்சிலின். அது சில நாள் ஊசி. அவ்வளவுதான்.

— பென்சிலின்.

— ஏன் அப்படிப் பாக்கறே?

— ஒண்ணுமில்ல. யுத்தம்னியே, அதை நெனச்சேன். ஜப்பான்காரன் குண்டு போட்டானே, அதுக்கு அடுத்த வருசம் என்னையும் பட்டாளத்துக்குக் கூப்பிட்டாக. பையைக் கட்டியாச்சு. இசோலா அழுதுக்கிட்டே கோழி பொரிச்சுக் குடுத்து விட்டா. டவுன்ல போயி வரிசையில நின்னா, மேசையில இருந்த ஆளு ஒரு பட்டியலைப் பாத்தான். ‘லெம் டார்வரா? உன் பேரை எடுத்தாச்சு, வீட்டுக்குப் போ’ன்னான்.

— எந்தப் பட்டியல்?

— கேக்கலையே நான். கடவுளு கண்ணைத் தொறந்துட்டாருன்னு ஓடியாந்துட்டேன். என்கூட நின்ன வெர்லின் போனான். அவனுக்கும் கெட்ட ரத்தம்தான். ஆனா அவன் டாக்டருக கணக்குல இல்ல, ரத்தம் பாத்த அன்னிக்கு அவன் மரம் அறுக்கப் போயிருந்தான். பட்டாளத்துல அவனுக்கு ஊசி போட்டாகளாம். பிரான்சு வரைக்கும் போயிட்டு வந்தான். வந்து நாலு புள்ளை பெத்தான். நாலும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கு. அவனைப் பாத்து நான் பரிதாபப்பட்டேன் ஆர்டீ. பாவம், குண்டுக்கு நடுவுல கஷ்டப்பட்டானே, நான் தப்பிச்சேனேன்னு.

— அந்தப் பட்டியலை மேசைக்காரனுக்கு யாரு குடுத்திருப்பாங்க?

— நீ சொல்லாதே. எனக்கே தெரியுது. எனக்கே வருது, ஒண்ணொண்ணா. யுத்தம் முடிஞ்சப்புறம் ஒரு வருசம், லாரியில வந்து ஊரூரா ஊசி போட்டாக. எல்லாருக்கும் போட்டாக. நானும் சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு நின்னேன். எனக்கு முன்னால நாலு பேருதான். பேரைக் கேட்டாக. சொன்னேன். ஒருத்தன் வந்து தோளைப் பிடிச்சு வரிசையை விட்டு வெளிய இழுத்தான். ‘நீ அவுக ஆளு, உனக்கு இது கெடையாது’ன்னான்.

— நீ என்ன பண்ணினே?

— பெருமையா இருந்துச்சு. அந்த நாலு பேரும் என்னைப் பாத்தானுக. நான் அரசாங்கத்தோட ஆளுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். இசோலாகிட்ட சொல்லிச் சிரிச்சேன்.

— லெம்.

— கறுப்பனையும் ஓட்டுப் போட விட்டாகளே, அறுபத்தாறுல மொதத் தடவை ஓட்டுப் போட்டேன். அறுபத்தோரு வயசுல. அந்த வருசம் டாக்டருகிட்டச் சொன்னேன், அய்யா நான் ஓட்டுப் போடப் போறேன்னு. நல்லது லெம்னாரு. மெம்பிஸ்ல கிங் அய்யாவைச் சுட்ட வருசம் காரு ஏப்ரல்ல வந்துச்சு. ஊரே அழுதுக்கிட்டு இருக்கு, அந்தக் காரு மட்டும் வந்து நிக்குது. கையில கறுப்புத் துணி கட்டியிருந்தேன். ரத்தம் எடுக்கணும், அவுருன்னாக. அவுத்தேன்.

— போதும், லெம்.

— இன்னும் ஒண்ணு. நிலாவுல ஆளு எறங்குனானே, வெர்லின் வீட்டு டிவியில பாத்தோம். அடுத்த மார்ச்சுல போயி டாக்டருகிட்டக் கேட்டேன். வெள்ளைக்கார வாலிபன், புதுசு, நல்ல பையன். ‘அய்யா, நிலாவுக்கே போயிட்டீக, என் கெட்ட ரத்தத்துக்கு ஒரு மருந்து எப்பத்தான் கண்டுபிடிப்பீக’ன்னு. அவன் சிரிக்கல. காயிதத்தைப் பாத்துக்கிட்டே, ‘பாத்துக்கிட்டே இருக்கோம் லெம்’னான்.

— பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காங்க.

— இந்தாங்க அக்கா, ஐஸ் போட்ட தேநீரு. சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேன். என்னங்க இது, மொகமெல்லாம் இப்படி வேர்த்துக் கெடக்கு? மாரு வலிக்குதா?

— வலியெல்லாம் இல்ல. உக்காரு இசோலா.

— ரொட்டி அடுப்புல...

— கருகட்டும். உக்காரு. ஆர்டீ, அந்தப் பேப்பரை அவகிட்டக் குடு. அவளுக்குப் படிக்கத் தெரியும். அவ படிக்கட்டும்.

— எதுங்க, இந்தப் பக்கமா? ‘நாற்பது ஆண்டுகள்...’ ஏங்க, இது நம்ம டாக்டருகளைப் பத்தியா?

— படி.

— லெம், அவ படிக்கட்டும். அந்தப் பீக்கன் மரத்தடியில பட்டாணி உரிச்சுக்கிட்டு இருக்காளே, அது உன் பொண்ணா? வர்றப்ப கூப்பிட்டேன். திரும்பலை.

— ஓலீட்டா. அவளுக்குக் காது கேக்காது. பன்னெண்டு வயசுல போச்சு. அதுக்கு முந்தி ஒம்பது வயசுலயே கண்ணுல புகை மூட்டம் மாதிரி வந்துருச்சு. வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. பட்டாணியைக் கையாலயே பாத்துருவா. நல்லா பாடிக்கிட்டு இருந்த புள்ள. ஆகஸ்டு வந்தா இருபத்தஞ்சு முடியுது.

— அக்கா.

— சொல்லு இசோலா.

— இது ஆம்பளைகளைப் பத்தித்தான் எழுதியிருக்கு. பொண்டாட்டிகளுக்கு என்ன ஆச்சுன்னு இதுல இல்லையே.

— இல்லை. அதை யாரும் கணக்கெடுக்கலை.

— எனக்கு ஓலீட்டாவுக்கு முந்தி ரெண்டு கலைஞ்சுச்சு. எனக்குத்தான் ஒடம்பு சரியில்லன்னு இருந்தேன். அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. ஓலீட்டா கண்ணு?

— நான் டாக்டர் இல்லை, தாயி.

— டாக்டருக சொன்னதைப் பாத்தாச்சுல்ல. நீங்க சொல்லுங்க.

— வயித்துல இருக்கறப்பவே பிள்ளைக்கு வரும். சில பிள்ளைங்க உடனே போயிடும், என்னோடதுங்க மாதிரி. சிலது நல்லாப் பிறந்து, நல்லா வளர்ந்து, எட்டு பத்து வயசுல கண்ணுக்கு வரும். அப்புறம் காதுக்கு வரும்.

— ஒம்பது வயசு. அப்புறம் பன்னெண்டு.

— இசோலா, அழாதே.

— நான் அழலைங்க. நான் அழுறேனா? ஓலீட்டாவை அந்தக் காருலயே ஒரு தடவை ஏத்தி விட்டோமே. ஞாபகம் இருக்கா? கண்ணுல புகை விழுந்த வருசம். டாக்டரு பாக்கட்டும்னு. அந்த டாக்டரு அவ கண்ணு ரெண்டையும் விரிச்சு வச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நோட்டுல எழுதிக்கிட்டாரு. ஒரு ஆரஞ்சுப் பழம் குடுத்து அனுப்புனாரு.

— கடவுளே.

— அவருக்குத் தெரிஞ்சிருக்கு, இல்லையா அக்கா?

— தெரிஞ்சிருக்கும்.

— ஆர்டீ, உனக்கு எப்படி இவ்வளவும் தெரியும்? பேப்பர்ல இல்லாததெல்லாம் சொல்றியே.

— எனக்கும் இருந்துச்சே, லெம். நீ குடுத்ததுதான். நாப்பத்தி ரெண்டுல டெட்ராய்ட் போனேன், குண்டு போடற விமானம் செய்யற ஃபாக்டரிக்கு. பாராசூட் துணி தைச்சேன். அடுத்த வருஷம் அங்க கலவரம், வெள்ளைக்காரங்க டிராமை நிறுத்தி நம்ம ஆளுங்களை இழுத்துப் போட்டு அடிச்சாங்க. ஒரு நாள் பூரா தையல் மெஷினுக்கு அடியில படுத்துக் கிடந்தேன். அதெல்லாம் தாண்டி நாப்பத்தி ஆறுல ஒரு இலவச க்ளினிக்ல ரத்தம் பாத்தாங்க. அந்த டாக்டரம்மா கதவைச் சாத்திட்டு நேராச் சொன்னாங்க. ‘இதனாலதான் உன் பிள்ளைங்க செத்துச்சு. உன் வயித்துல ஒரு குறையும் இல்லை.’ ஒன்பது நாள் படுக்க வச்சு ஊசி போட்டாங்க. பத்தாவது நாள் நான் நடுத்தெருவுல உட்கார்ந்து அழுதேன்.

— அப்புறம் புள்ளைக பொறந்துச்சா?

— மூணு. வார்டெல்னு ஒரு ஜார்ஜியாக்காரரைக் கட்டிக்கிட்டேன். போன வருஷம் தவறிட்டாரு. பெரியவன் வியட்நாம் போயி ஒரு விரல் மட்டும் குறைஞ்சு திரும்பி வந்தான். சின்னது ரெண்டும் பொண்ணு, ஒருத்தி டீச்சர். எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரியும். மன்னிச்சுக்கோ இசோலா, சொல்லக் கூடாது இதை.

— சொல்லுங்க அக்கா. நல்லா இருக்கட்டும்.

— அப்ப நாப்பத்தி ஆறுலயே உனக்குத் தெரியும்.

— தெரியும்.

— இருபத்தாறு வருசமாத் தெரியும். தெரிஞ்சும் எங்களை இப்படியே விட்டுட்டே. உன்னை வண்டியில வச்சு எறக்கி விட்டேன், அதுக்கு என்னை அழிக்கணும்னு நெனச்சிருந்தா சரி, அது நியாயம். இவ என்ன பண்ணுனா உனக்கு? ஒரு சேதி சொல்லியிருக்கலாமே, ஆர்டீ. வழியில போறவன்கிட்டயாச்சும் சொல்லி அனுப்பியிருக்கலாமே.

— என்ன பேசறே நீ? நான்தான் எழுதினேனே.

— யாருக்கு எழுதுனே?

— உனக்குத்தான். அக்டோபர் மாசம். ஊசி முடிஞ்ச வாரமே எழுதினேன். டாக்டரம்மாதான் சொன்னாங்க, உன் புருஷனுக்கு உடனே தெரியப்படுத்துன்னு. புருஷன் இல்லைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, நாலு பக்கம் எழுதினேன். க்ளினிக் பேரு, விலாசம், என்ன நோய், என்ன ஊசி, எல்லாம். பதில் வரும்னு ரெண்டு வருஷம் தபால்காரரைப் பாத்து நின்னேன்.

— எனக்கு ஒரு காயிதமும் வரலை.

— வரலையா? படிச்சிட்டுத் தூக்கிப் போட்டிருப்பேன்னுல்ல நான் இருந்தேன். கல்லறை வயித்துக்காரி எழுதினதை எதுக்கு மதிக்கணும்னு விட்டுட்டான், அந்தப் பட்டிக்காட்டுத் திமிருக்கு நாசமாப் போகட்டும்னு. அதனாலதான் ரெண்டாவது எழுதலை, லெம். அந்தக் கோவத்துலதான் எழுதலை. போன புதன்கிழமை இந்தப் பேப்பரைப் பாத்ததும்தான், அய்யோ, அவன் வேற யாரோ கையில இருந்திருக்கானேன்னு தோணுச்சு. உனக்கு மருந்து வேண்டாம்னு சொல்ல அவங்க பக்கத்துலயே இருந்திருக்காங்களேன்னு. அவங்கதான் அந்தக் கடுதாசியையும் பிடுங்கியிருப்பாங்களோன்னு கூடப் பஸ்ஸுல வர்றப்ப நினைச்சேன்.

— பிடுங்கியிருப்பாக. வேற யாரு? வரிசையில இருந்து ஆளையே இழுத்தவனுக, தபாலை இழுக்க மாட்டானுகளா?

— இல்லைங்க.

— நீ சும்மா இரு இசோலா. உனக்கு இவுகளைப் பத்தித் தெரியாது.

— இல்லைங்க. அவுக பிடுங்கலை. கடுதாசி வந்துச்சு.

— என்ன சொல்றே?

— நீங்க பருத்தி எடுக்கப் போயிருந்தீக. நீலக் கவரு. தபால்காரரு என் கையில குடுத்தாரு. பின்பக்கம் அக்கா பேரு இருந்துச்சு. நம்ம வீட்டுக் காயிதமெல்லாம் நான்தான படிக்கிறது.

— இசோலா.

— எனக்கு அப்ப இருபத்தி நாலு வயசு. ரெண்டு கலைஞ்சிருந்துச்சு. உங்கம்மா என்னையும் அதே மாதிரி பாக்க ஆரம்பிச்சிருந்தாக. நீங்க வேற, தூக்கத்துல ஆர்டீ ஆர்டீன்னு சொல்லுவீக, உங்களுக்குத் தெரியாது. அடுத்த வண்டி எனக்குத்தான்னு இருந்தேன். பிரிச்சேன். மொத வரி, ‘லெம், எல்லாத்தையும் விட்டுட்டு உடனே டெட்ராய்ட்டுக்குக் கிளம்பி வா’ன்னு இருந்துச்சு. அதோட அடுப்புல போட்டுட்டேன்.

— நாலு பக்கத்தையும்?

— ஒரு வரிதான் படிச்சேன் அக்கா. சத்தியமா ஒரு வரிதான். கூட்டிட்டுப் போகப் பாக்குறீகன்னு நெனச்சேன். அந்த நவம்பர்லதான் ஓலீட்டா வயித்துல வந்தா. கடுதாசியை எரிச்சதுக்குக் கடவுளு தந்த கூலின்னு சந்தோசப்பட்டேன். அதுக்கு அடுத்த வரி என்ன அக்கா?

— வேண்டாம், இசோலா.

— சொல்லுங்க. இருபத்தாறு வருசம் படிக்காம விட்டது. இன்னைக்காச்சும் கேக்கணும்ல. அடுத்த வரி என்ன எழுதியிருந்தீக?

— ‘உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா, அவளுக்கு அடுத்த பிள்ளை உண்டாகறதுக்குள்ள வா.’